பார்த்தால் மட்டும் போதுமா?

ஆண்டுதோறும் நம் சங்கங்களில் மகாசபை கூடுகிறது. தலைவர் வரவேற்புரை கூறுகிறார். காரியதரிசி அறிக்கை வாசிக்கிறார். ஐந்தொகையும் இலாப நட்டக் கணக்கும் அச்சிட்ட தாள்களாகக் கைக்குக் கை செல்கின்றன. "கணக்கை அங்கீகரிக்கலாமா?" என்ற வினா எழுந்ததும் கைகள் உயர்கின்றன. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாகப் பதிவேட்டில் எழுதப்படுகிறது. தாள் நான்காக மடிந்து சட்டைப் பைக்குள்ளோ முந்தானை முடிச்சுக்குள்ளோ போகிறது. அவ்வாறு உயர்ந்த கைகளுள் கணக்கைப் புரிந்துகொண்டு உயர்ந்தவை எத்தனை? இந்த வினாவை நாம் பிறரிடம் கேட்க வேண்டியதில்லை, நம்மையே கேட்டுக்கொள்வோமாக.

சங்கம் அங்கத்தினரின் சொத்து. தன் சொத்தின் நிலையை அறியாதவர் அதன் உடைமையாளராக இருப்பது பெயரளவில்தான். கணக்கு விளங்காத அங்கத்தினர் வினா எழுப்பமாட்டார். வினா எழாத சங்கத்தில் தவறு நுழைய ஒரு கதவு எப்போதும் திறந்தே இருக்கும். ஆகவே அங்கத்தினர் கல்வி என்பது விழா நாளில் பேசிவிட்டு மறந்துவிடக்கூடிய அலங்காரப் பொருளன்று. சங்கம் பிழைத்திருப்பதற்கான காப்பு. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேலில் கடை திறந்த முன்னோடிகள் தங்கள் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கியதும் இதனாலேயே. 1995ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவு இணைப்பகம் ஏற்ற ஏழு கோட்பாடுகளுள் ஐந்தாவது, கல்வியும் பயிற்சியும் செய்தி அறிவித்தலுமே ஆகும்.

கோட்பாட்டில் குறையில்லை, நடைமுறையில்தான் குறை. நம் பயிற்சிப் பிரசுரங்களை எடுத்துப் பாருங்கள். பக்கம் பக்கமாகச் சட்டப் பிரிவுகள். அவற்றிடையே யாரோ ஒரு பெரியவரின் புகைப்படம். அட்டையில் ஒரு தறி அல்லது நெற்கதிர். படம் இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அது எதையும் கற்பிக்கவில்லை. ஒரு சங்கத்தின் அலமாரியில் இத்தகைய கையேடுகள் கட்டுப் பிரிக்கப்படாமல் அடுக்கியிருக்கக் கண்டோம். ஏன் வழங்கவில்லை என்று கேட்டதற்கு, "வாங்கிக்கொண்டு போனவர்களும் படிக்கவில்லையே, ஐயா" என்று ஊழியர் விடை கூறினார். இதில் படிக்காதவரைக் குறை கூறுவதா, படிக்க முடியாதபடி எழுதியவரைக் குறை கூறுவதா என்பதை வாசகர்கள் தீர்மானிக்கலாம்.

அங்கத்தினருக்கு அறிவு போதாது என்று எவரேனும் கூறுவாரானால் அவர் தறிக்குழியில் எட்டிப் பார்த்ததில்லை என்றே பொருள். நெசவாளர் நாள்தோறும் கையாளும் கட்டத் தாளை நினைத்துப் பாருங்கள். அதில் ஒவ்வொரு சிறு கட்டமும் ஒரு பாவு இழையும் ஓர் ஊடை இழையும் சந்திக்கும் இடம். நிறமிட்ட கட்டமானால் பாவு மேலெழ வேண்டும். வெற்றுக் கட்டமானால் கீழே நிற்க வேண்டும். அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் துளையிடுகிறார்கள். அட்டைகள் கோக்கப்பட்டு ஜக்கார்டுப் பெட்டியில் ஏறுகின்றன. துளை உள்ள இடத்தில் கொக்கி இழையைத் தூக்குகிறது. துளையற்ற இடத்தில் விட்டுவிடுகிறது. சேலைக் கரையில் அன்னமும் மயிலும் தோன்றுவது இவ்வாறுதான். 1804ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஜக்கார்டு உருவாக்கிய இப்பொறியின் துளை அட்டை, பிற்காலத்தில் கணிப்பொறிகளுக்கே வழிகாட்டியாயிற்று. உலகில் இதைவிடத் துல்லியமான பாடப்படம் வேறொன்று உண்டோ என நாம் அறியோம்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று உண்டு. கட்டத் தாள் வெறுமனே பார்ப்பதற்காக வரைந்தது அன்று. கை அதைத் தொடர்ந்து செல்கிறது. தவறு நேர்ந்தால் துணியிலேயே தெரிகிறது. நெசவாளர் உடனே திருத்திக்கொள்கிறார். படம், கை, விளைவு ஆகிய மூன்றும் ஒரே வட்டத்தில் சுழல்கின்றன. நல்ல பாடப்பொருளின் இலக்கணமும் இதுவே. படம் கண்ணுக்கு முன் இருந்தால் மட்டும் போதாது. கற்பவரின் கை அதில் நுழைய வேண்டும். நுழைந்த கைக்கு அது விடை சொல்ல வேண்டும். நம் பிரசுரங்களில் இல்லாதது இந்த இரண்டாம் பாதியேயாகும்.

விவசாய அங்கத்தினர் பலர் இத்தகைய கருவியொன்றை ஏற்கெனவே அறிவர். நெல்லுக்கான இலை வண்ண அட்டையைச் சொல்கிறோம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தாரால் பரப்பப்பட்ட இவ்வட்டையில் இளம்பச்சை முதல் கரும்பச்சை வரை நிறப் பட்டைகள் எண்ணிட்டு அமைந்துள்ளன. நடவு செய்த 14ஆம் நாள் தொடங்கி ஏழு அல்லது பத்து நாட்களுக்கு ஒருமுறை வயலில் இறங்கி, நோயற்ற பயிர்களில் முழுவதும் விரிந்த மேல் இளம் இலைகள் பத்தினைத் தேர்ந்து, வெயில் நேரே படாதவாறு உடலின் நிழலில் வைத்து, அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3 என்றும் ஏனைய இரகங்களுக்கு 4 என்றும் வரம்பு கூறுவர். பத்து இலைகளில் ஆறோ அதற்கு மேலோ வரம்புக்குக் கீழே இருந்தால் தழைச்சத்து மேலுரம் இட வேண்டும், இல்லையேல் பொறுத்திருக்கலாம்.

இதில் நாம் வியப்பது யாதெனில், அட்டையில் ஒரு வாக்கியமும் இல்லாவிடினும் அது கற்பிக்கிறது என்பதே. தழைச்சத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதி அண்டை வீட்டாரைப் பார்த்து உரமிடாதீர் என்று அறிவுறுத்துவதைக் காட்டிலும், அவரவர் வயலின் இலையையே விடை கூறச் செய்கிறது. அளவுக்கு மேல் தழைச்சத்து இட்டால் பயிர் சாயும், பூச்சி பெருகும், பணம் வீணாகும். இவற்றையெல்லாம் சொல்லாமலே தடுக்கும் ஆற்றல் ஒரு துண்டு அட்டைக்கு உண்டு. அட்டையின் சிறப்பு அதன் நிறத்தில் இல்லை. கற்பவர் தம் இலையைக் கொணர்ந்து வைத்தாலொழிய அது பேசாது என்ற அமைப்பில்தான் உள்ளது.

படம் மட்டும் கொடுத்துவிட்டுப் பொருளைக் கற்பிக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கும் நம் வீட்டிலேயே சான்று உண்டு. பூச்சிக்கொல்லி மருந்துப் புட்டியின் மேல் சாய்சதுரக் குறி ஒன்று இருப்பதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி அதன் கீழ்ப்பாதி நான்கு நிறங்களுள் ஒன்றைத் தாங்கி நிற்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்த படி, நீலம் நடுத்தரம், பச்சை மற்றவற்றினும் குறைந்த நஞ்சு. சிவப்புக் குறியின் மேல்பாதியில் மண்டையோடும் குறுக்கெலும்புகளும் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அறிந்துகொள்ள வேண்டும் என்ற நன்னோக்குடன் வகுத்த ஏற்பாடு இது.

எனினும் பச்சை என்பது நம் நாட்டு விவசாயியின் மனத்தில் எதைக் குறிக்கிறது? செழிப்பை, நன்மையை, மங்களத்தைக் குறிக்கிறது. மஞ்சளோ மங்களத்தினும் மங்களமான நிறம். மஞ்சள் முக்கோணம் உயர்ந்த நஞ்சைக் குறிக்கும் என்று ஒருவரும் சொல்லித் தராவிடில், அந்நிறம் எச்சரிக்கையாகத் தோன்றுவது எங்ஙனம்? படம் எல்லோருக்கும் பொதுமொழி என்று எளிதாகக் கூறிவிடுகிறோம். அது முழு உண்மையன்று. படத்துக்கும் எழுத்தைப் போலவே இலக்கணம் உண்டு. அதையும் கற்பிக்க வேண்டும். பச்சைக் குறி கண்டு, வெறுங்கையால் மருந்தைக் கலக்கும் ஒருவர் இருப்பாராயின், அங்கே தோற்றது அவர் அறிவன்று. நாம் கற்பித்த முறை.

பயிற்சியாளர்கள் பல நாடுகளிலும் சொல்லிக்கொள்ளும் கதையொன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. கொசுவால் பரவும் நோயைப் பற்றிச் சுவர் முழுதும் அடைக்கும்படி கொசுவின் படத்தை வரைந்து காட்டினராம். பார்த்தவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டு, "எங்கள் ஊரில் இவ்வளவு பெரிய கொசு கிடையாது, எங்களுக்குக் கவலையில்லை" என்றனராம். கதை நடந்ததோ, கட்டியதோ. அதன் உட்பொருள் மெய். பார்ப்பவர் என்ன பார்க்கிறார் என்று வரைந்தவர் கேட்டறியவில்லை. அச்சுக்கு அனுப்பும் முன் ஐந்து பேரிடம் காட்டிக் கேட்டிருந்தால் பிழை வெளிப்பட்டிருக்கும்.

கற்பவரே படம் வரைந்தால் எவ்வளவு பயன் விளையும் என்பதை இந்தோனேசிய நாட்டு உழவர்கள் நமக்குக் காட்டியுள்ளனர். அங்கே மிகுதியான மருந்தடிப்பால் புகையான் ஒழிவதற்கு மாறாகப் பெருகியது. ஏனெனில் அதைத் தின்னும் சிலந்தியும் பிற நன்மைப் பூச்சிகளும் முதலில் மடிந்தன. 1986ஆம் ஆண்டில் அந்நாட்டரசு நெற்பயிருக்கு 57 வகை மருந்துகளைத் தடை செய்தது. 1989ஆம் ஆண்டில் உலக உணவு விவசாய நிறுவனத்தின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. பள்ளிக்குக் கட்டடம் இல்லை, வயலே வகுப்பறை. வாரம் ஒருமுறை உழவர்கள் சிறு குழுக்களாக வயலில் இறங்கிப் பயிரையும் பூச்சியையும் எண்ணினர். பிறகு மரநிழலில் அமர்ந்து பெரிய தாளொன்றில் நடுவே நெற்பயிரை வரைந்து, ஒருபுறம் தீமை செய்யும் பூச்சிகளையும் மறுபுறம் அவற்றைத் தின்னும் பூச்சிகளையும், மேலே வெயிலையோ மேகத்தையோ தீட்டினர். வரைந்த குழு எழுந்து நின்று தன் முடிவைக் கூறிற்று; ஏனையோர் மறுத்துக் கேட்டனர்.

அப்பள்ளிகளில் வேறொரு வழக்கமும் உண்டு. வலைத்துணி கட்டிய ஒரு கூண்டுக்குள் செடியொன்றையும் சில புகையான்களையும் ஒரு சிலந்தியையும் விட்டு வைப்பர். மறுநாள் எத்தனை புகையான் எஞ்சியிருக்கிறது என்று எண்ணுவர். சிலந்தி நண்பன் என்று நூறு முறை ஒலிபெருக்கியில் முழங்கினாலும் நம்பாத உழவர், தம் கையால் எண்ணிய எண்ணை எப்படி மறுப்பார்? நம் சங்கப் பயிற்சி முகாம்களில் இத்தகைய கூண்டு வைக்க ஆகும் செலவு, மாலை வாங்கும் செலவினும் குறைவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். எண்களைப் படமாக்கும் கலையில் வழிகாட்டியவர் வியன்னா நகரத்து ஆட்டோ நாய்ராத் என்னும் அறிஞர். 1925ஆம் ஆண்டில் அந்நகரில் சமூக, பொருளாதாரக் காட்சியகம் ஒன்றை நிறுவி, வீட்டு வசதி, நோய், தொழில் பற்றிய புள்ளிகளை உழைப்பாளி மக்கள் மாலை நேரத்தில் வந்து கண்டு உணரும்படி செய்தார். கெர்ட் ஆர்ன்ட்சு என்ற ஓவியர் எளிய உருவங்களை வெட்டித் தந்தார். இம்முறை பின்னர் ஐசோடைப்பு எனப் பெயர் பெற்றது. நாய்ராத் 1945இல் மறைந்தபின் அவர் துணைவியார் மேரி நாய்ராத் பணியைத் தொடர்ந்தார். 1950களில் மேற்கு நைஜீரியாவில் கல்வி, உடல்நலம், வேளாண்மை பற்றிய சிறு நூல்களை அவ்வூர் மக்களின் உடைக்கும் வீட்டுக்கும் ஏற்ப உருவங்களை மாற்றி அமைத்துத் தந்தார்.

நாய்ராத் வகுத்த விதி ஒன்றை நம் காரியதரிசிகள் மனத்தில் பதித்துக்கொள்ளல் நன்று. தொகை மிகும்போது உருவத்தைப் பெரிதாக்கலாகாது. அதே அளவுள்ள உருவங்களின் எண்ணிக்கையை மிகுக்க வேண்டும். காரணம் எளிது. இரு மடங்கு உற்பத்தியைக் காட்ட மூட்டையை இரு மடங்கு உயரமாகவும் அகலமாகவும் வரைந்தால் அது தாளில் நான்கு மடங்கு இடத்தை அடைக்கும். பார்ப்பவர் நான்கு மடங்கு என்றே எண்ணுவார். சாதனை மிகுதி காட்ட விரும்பும் அறிக்கைகளில் இப்பிழை அறியாமலும் நிகழ்கிறது; அறிந்தும் நிகழ்கிறது. ஒரே அளவான மூட்டைகளை வரிசையாக வைத்தால் எவரும் எண்ணிச் சரிபார்க்கலாம். எண்ணிச் சரிபார்க்கக்கூடிய படமே நேர்மையான படம்.

இவ்விதியை நம் மகாசபைக்கு எங்ஙனம் கொணர்வது? அச்சகம் வேண்டா, ஓவியரும் வேண்டா. நூறு புளியங்கொட்டை போதும். நெசவாளர் சங்கத்தின் வரவில் ஒவ்வொரு நூறு ரூபாயையும் அவை குறிக்கட்டும். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டங்கள் இடுக: நூல், சாயம், நெசவுக் கூலி, வங்கி வட்டி, ஊழியர் சம்பளம், விற்பனைத் தள்ளுபடி, மிச்சம். முதலில் காரியதரிசி வாய் திறக்கலாகாது. அங்கத்தினர்கள் முன்வந்து, எந்த வட்டத்துக்கு எத்தனை கொட்டை போகும் என்று தாமே ஊகித்து வைக்கட்டும். ஒருவர் வைத்ததை மற்றொருவர் மாற்றட்டும், வாதம் நடக்கட்டும். அதன்பின் காரியதரிசி தணிக்கையான கணக்கைக் கையில் எடுத்துக் கொட்டைகளை உள்ளபடி இடம் மாற்றுவாராக.

அப்போது நிகழ்வதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கூலிக்கு அறுபது என்று வைத்தவர் அதற்குக் குறைவாகக் காண்கிறார். வட்டிக்கு இரண்டு என்று வைத்தவர் அதற்கு மேலாகக் காண்கிறார். "வட்டி இவ்வளவு ஏன் போயிற்று?" என்ற வினா தானே பிறக்கிறது. "துணி விற்காமல் கிடங்கில் தேங்கிற்று, கடன் வாங்கிக் கூலி கொடுத்தோம்" என்ற விடை வருகிறது. "அப்படியாயின் விற்காத இரகத்தை ஏன் இன்னும் நெய்யச் சொல்கிறீர்கள்?" என்ற அடுத்த வினா எழுகிறது. நட்டமான ஆண்டில், வட்டங்கள் நிரம்பும் முன்பே கொட்டை தீர்ந்துபோகும். அந்தக் காலி வட்டத்தை மறைக்க எந்தச் சொல்லாலும் இயலாது. ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளியே கல்வி தொடங்கும் இடம். அச்சிட்ட ஐந்தொகை அந்த இடைவெளியைக் காட்டுவதில்லை. ஏனெனில் அது நம்மை ஊகிக்கவே விடுவதில்லை.

விளையாட்டின் வாயிலாகக் கற்பிப்பது நமக்குப் புதிதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதப் படத்தை விரித்து வைத்தவர்கள் நாம். நற்செயல் ஏணியாயிற்று, தீச்செயல் பாம்பாயிற்று, குழந்தையும் கிழவியும் ஒன்றாக அமர்ந்து அறத்தைக் கற்றனர். இதைப் பின்பற்றி, தவணை தவறாமை ஏணி என்றும், கந்துக்கடன் பாம்பு என்றும் சங்கப் பரமபதம் செய்யலாம் என்று அன்பர்கள் சிலர் கூறுவர். நன்றே. ஆயினும் ஓர் எச்சரிக்கை: பரமபதத்தில் நம்மை ஏற்றுவதும் இறக்குவதும் தாயக்கட்டையே. சங்கத்தின் ஏற்ற இறக்கம் தாயத்தால் நிகழ்வதன்று. நம் முடிவுகளால் நிகழ்வது. ஆகவே கட்டையை எடுத்துவிட்டு, "நூலை இன்றே வாங்குவதா, விலை இறங்கும் வரை காத்திருப்பதா?" போன்ற வினாச்சீட்டுகளை வையுங்கள். ஆடுவோர் கூடிப் பேசி முடிவெடுத்து நகரட்டும். விளையாட்டின் அமைப்பே பாடம் சொல்லும் என்பதை மறந்தால், நாம் கூட்டுறவைக் கற்பிக்கப் போய் விதியைக் கற்பித்து வருவோம்.

படம் ஓடத் தொடங்கினால் கதையாகிறது. கதையின் வலிமைக்குக் கூட்டுறவு உலகமே சான்று தந்துள்ளது. 1976ஆம் ஆண்டில் சியாம் பெனகல் இயக்கிய 'மந்தன்' என்னும் இந்தித் திரைப்படத்துக்கு முதலீடு செய்தவர்கள் குஜராத்தின் பால் உற்பத்தியாளர் ஐந்து இலட்சம் பேர். ஒவ்வொருவரும் கொடுத்தது இரண்டு ரூபாய். ஒரு சிற்றூரில் பால் சங்கம் அமைவதையும், வணிகரின் எதிர்ப்பையும், சாதிப் பிளவையும் அக்கதை மறைக்காமல் காட்டிற்று. பின்னர் அப்படச்சுருளை ஊர் ஊராக எடுத்துச் சென்று, பால் சங்கம் அமைக்கும் பணிக்கே பயன்படுத்தினர். கதையின் முடிவில், ஊருக்கு வந்த மருத்துவர் திரும்பிப் போய்விடுகிறார். சங்கத்தை நடத்தும் பொறுப்பு ஊராரிடமே நிற்கிறது. வெளியார் வந்து மீட்டார் என்று முடிக்காமல், இனி உங்கள் பாடு என்று முடித்ததே அதன் பெருமை.

கதை சொல்பவர் யார் என்பதும் முக்கியம். 2006ஆம் ஆண்டில் பெங்களூரில் ஆராய்ச்சியாகத் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் என்னும் முயற்சி, நிபுணரின் சொற்பொழிவைப் படமாக்கவில்லை. அந்தந்த ஊர் உழவர் தம் வயலில் செய்து காட்டுவதைச் சிறு படங்களாக எடுத்தது. ஊராரில் ஒருவர் அதைத் திரையிட்டு, இடையிடையே நிறுத்தி, "இப்போது என்ன செய்தார்? நீங்கள் செய்வீர்களா?" என்று கேட்டார். கர்நாடகத்தின் 16 ஊர்களில் 13 மாதங்கள் நடந்த சோதனையில், செலவழித்த பணத்துக்குக் கிட்டிய பயன், வழக்கமான விரிவாக்கப் பணியைக் காட்டிலும் ஏறக்குறைய பத்து மடங்கு எனக் கண்டனர். படத்தைக் கண்ட உழவர் பலர் முதலில் அறிய விரும்பியது, படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர்க்காரர் என்பதையே. தம்மவர் செய்ததைத் தாமும் செய்யலாம் என்ற துணிவே அங்கு கற்பித்தது.

படத்தை நிறுத்தி வினாக் கேட்பது என்னும் அச்சிறு செயலை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். இன்று கைபேசி இல்லாத வீடு அரிது. படத்துக்குப் பஞ்சமில்லை, கதைக்கும் பஞ்சமில்லை. ஆயின் அவை விரலால் தள்ளிவிட்டுப் போவதற்கென்றே அமைந்தவை. தள்ளிவிடும் விரல் கற்கும் கையாகாது. 2018ஆம் ஆண்டு முதல் நம் மாநிலப் பாடநூல்களிலும் விரைவுக் குறியீட்டுக் கட்டங்கள் இடம்பெற்றுள்ளன. கைபேசியைக் காட்டினால் காட்சி விரியும். நல்ல ஏற்பாடே. ஆயினும் காட்சியைக் கண்ட மாணவன் அடுத்து என்ன செய்கிறான் என்பதே வினா. கருவி புதிதாவதால் கல்வி புதிதாவதில்லை.

நம் கருத்துக்கு எதிராக இரண்டு வாதங்கள் எழக்கூடும். முதலாவது, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு நூற்றுக்கு எண்பதை எட்டிவிட்டது. இனிப் படம் எதற்கு என்பது. எழுத்தைக் கூட்டிப் படிப்பது வேறு. ஐந்தொகையைப் படிப்பது வேறு. பட்டம் பெற்றவருள்ளும் ஐந்தொகை கண்டு விழிப்போர் பலர். படம் கல்லாதார்க்கு இடும் பிச்சையன்று. கற்றோர்க்கும் சுருக்க வழி. இல்லையேல் பொறியாளர் வரைபடத்தையும் மருத்துவர் உடற்கூற்றுப் படத்தையும் ஏன் நாடுகின்றனர்?

இரண்டாவது வாதம் சற்று வலியது. கதையும் படமும் மனத்தை எளிதில் இழுப்பன. ஆதலால் ஏமாற்றவும் வல்லன என்பர். இதை நாம் ஒப்புக்கொள்கிறோம். வெற்றி பெற்ற ஒரு நெசவாளியின் புன்னகையை அட்டையில் இட்டு, தோற்ற பத்துப் பேரை மறைத்துவிடலாம். விளைச்சல் பெருகிய வயலைக் காட்டி, வாங்கிய கடனைக் காட்டாது விடலாம். இதற்கு மருந்து படத்தை ஒழிப்பதன்று. படத்தை வினாவுக்கு உட்படுத்துவது. எண்ண முடிந்த புளியங்கொட்டையும், ஒப்பிட முடிந்த இலையும், நிறுத்திக் கேட்க முடிந்த காட்சியும் ஏமாற்றுவது கடினம். அங்கத்தினரின் கை நுழைய முடியாத படத்தையே நாம் அஞ்ச வேண்டும்.

ஆகவே சங்கங்களுக்கு நாம் வைக்கும் யோசனைகள் சிலவே. ஒன்று: ஒரு தாளில் ஒரே செய்தி, அதிலும் அங்கத்தினர் நிரப்புவதற்கெனப் பாதி இடம் வெறுமையாக இருக்கட்டும். இரண்டு: எந்தப் படத்தையும் அச்சிடுமுன் ஐந்து அங்கத்தினரிடம் காட்டி, "இதில் என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்டுப் பொறுமையுடன் கேளுங்கள், விளக்க முந்தாதீர்கள். அவ்வைவரில் பெண்களும், தறிக்கு நூல் சுற்றித் தருவோரும் இருப்பாராக. மூன்று: மருந்து விற்கும் ஒவ்வொரு சங்கத்திலும் நான்கு நிற முக்கோணங்களின் பொருளை விற்பனை மேடைக்கு மேலே பெரிதாக எழுதி வைத்து, வாங்குவோர் தாமே நிறத்தைச் சொன்ன பின்பே புட்டியைக் கொடுங்கள். நான்கு: வரும் மகாசபையில் அறிக்கை வாசிப்புக்கு முன் அரைமணி நேரம் புளியங்கொட்டைக் கணக்குக்கு ஒதுக்குங்கள். ஐந்து: சங்கங்களின் நிகர இலாபத்தில் ஒரு பகுதி கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செல்கிறது. அந்த நிதியிலிருந்து நம் பிரதிநிதிகள் கேட்டுப் பெற வேண்டியவை, கட்டுப் பிரியாத கையேடுகளல்ல. கைபட்டுத் தேயும் பாடப்பொருள்கள்.

1904ஆம் ஆண்டில் காஞ்சிபுரத்திலும் திரூரிலும் முதற்சங்கங்கள் தோன்றியபோது அவற்றின் அங்கத்தினருள் கையெழுத்திடத் தெரியாதவர் இருந்திருப்பர். ஆயினும் யார் எவ்வளவு வாங்கினார், யார் திருப்பிக் கொடுத்தார் என்பது சிறு சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏனெனில் எல்லாம் கண்ணெதிரே நடந்தது. சங்கம் வளர்ந்தது, கணக்கு ஏட்டுக்குள் போயிற்று, ஏடு கணிப்பொறிக்குள் போயிற்று. கண்ணெதிரே இருந்தது கண்ணுக்கு மறைந்தது. அதை மீண்டும் கண்ணெதிரே கொணர்வதே இன்றைய அங்கத்தினர் கல்வியின் கடமை.

அடுத்த மகாசபையில் கைகள் உயரட்டும், தடையில்லை. ஆனால் உயருமுன் அக்கைகள் ஒருமுறை கொட்டையை எண்ணியிருக்கட்டும். எண்ணிய கை உயர்ந்தால் அது அங்கீகாரம். எண்ணாத கை உயர்ந்தால் அது வெறும் வழக்கம். நம் சங்கம் எதை விரும்புகிறது என்பதை நாமே முடிவு செய்வோம்.